உங்கள் பர்ஸில் இருக்கும் 786

பர்ஸின் உள்ளறையிலும், பீரோவில் பட்டுச்சேலை மடிப்புக்குள்ளும், பூஜையறை டப்பாவிலும் 786 நோட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

நோட்டு சேகரிப்பவன் எழுதுகிறேன். நாணயக் கண்காட்சி நடக்கும் மண்டபங்களில் உங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேசை மேசையாக நின்று, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த நோட்டை எடுத்துக் காட்டி, "இது என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்பீர்கள். "இதெல்லாம் போகாதுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வியாபாரி அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். கூட்ட நேரத்தில் அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வருடக்கணக்காக, கையில் காசில்லாத நாளில்கூட எடுத்துச் செலவழிக்காமல் ஒரு நோட்டைக் காத்து வந்தவருக்கு அந்த ஒரு வரி போதாது. ஏன் போகாது, எது போகும், யார் அதற்குப் பணம் கொடுப்பார்கள் என்று நிதானமாகச் சொல்ல ஆள் வேண்டும். சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் மோசடிக்காரன் புகுந்துவிட்டான்.

அவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். "டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு வைத்திருக்கிறீர்களா? அதில் 786 இருக்கிறதா? உடனே 5 லட்சம்!" என்று ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் வருகிற விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் நோட்டைத் தேடி எடுத்ததே அதைப் பார்த்துத்தான். எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா தன் போனில் வந்த செய்திகளை என்னிடம் காட்டினார். நோட்டின் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். சில நிமிடத்தில் "வாழ்த்துகள், உங்கள் நோட்டு தேர்வாகிவிட்டது" என்று பதில். கூடவே ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட ஒரு சான்றிதழ், கோட்டு போட்ட ஓர் அதிகாரியின் அடையாள அட்டை, கட்டுக்கட்டாகப் பணம் அடுக்கிய ஒரு பெட்டியின் படம். பிறகு பதிவுக் கட்டணமாகச் சில நூறு ரூபாய். அதைக் கட்டியதும் ஜிஎஸ்டி. அதைக் கட்டியதும் பணம் கொண்டுவரும் வண்டிக்கு இன்சூரன்ஸ். ஒவ்வொரு தடவையும் "இதுதான் கடைசி, மேடம்." தையல் மெஷினுக்கென்று சேர்த்திருந்த பணம் அப்படியே போயிற்று. நோட்டு மட்டும் அவரிடமே இருக்கிறது. அதை யாருமே கேட்கவில்லை.

2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்குவது விற்பது எதிலும் தனக்குத் தொடர்பில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் தனிமனிதருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. இந்த மடலில் வேறெதுவும் உங்கள் நினைவில் நிற்காவிட்டாலும் இது ஒன்று நிற்கட்டும்: உங்கள் நோட்டை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் முன்பணம் கேட்கிறவர் நோட்டு வாங்க வந்தவர் இல்லை.

அந்த டிராக்டர் நோட்டு 1970களில் புழக்கத்துக்கு வந்து நெடுங்காலம் அச்சானது. பின்னாளில் வந்த, காந்தி படம் போட்ட 5 ரூபாயின் பின்புறத்திலும் அதே உழவர், அதே டிராக்டர்தான். கோடிக்கணக்கில் அடித்த நோட்டு அது.

சரி, 786க்கு வருகிறேன். பிஸ்மில்லாஹ் வாசகத்தின் அரபி எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் அப்ஜத் முறைப்படி ஒரு மதிப்பு உண்டு. கூட்டினால் 786. நம் துணைக்கண்டத்து முஸ்லிம்கள் பலருக்கு அது பரக்கத்தான எண். 1975இல் வந்த 'தீவார்' இந்திப் படத்தில் அமிதாப் பச்சன் உயிரைப்போலப் பாதுகாக்கும் கூலிப் பில்லையின் எண்ணும் அதுதான். மதம் பார்க்காமல் எல்லோரும் அந்த எண்ணைக் கொண்டாடுகிறார்கள். லாரியில், கடைப் பலகையில், கல்லாப்பெட்டியில் பார்க்கலாம். அந்தப் பிரியத்தை நான் மதிக்கிறேன். அதோடு கணக்கையும் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நோட்டின் எண்ணுக்கு முன்னால் இலக்கமும் ஆங்கில எழுத்தும் சேர்ந்த ஒரு குறி இருக்கும். சேகரிப்பாளர்கள் அதை ப்ரிஃபிக்ஸ் என்போம். ஒரு ப்ரிஃபிக்ஸில் 000001 முதல் 1000000 வரை பத்து லட்சம் நோட்டு. ஆறு இலக்க எண்ணில் 786 நான்கு இடங்களில் உட்கார முடியும்: முதல் மூன்று இலக்கமாக, இரண்டாவதிலிருந்து, மூன்றாவதிலிருந்து, கடைசி மூன்றாக. ஒவ்வோர் இடத்துக்கும் ஆயிரம் நோட்டு, மொத்தம் நாலாயிரம். 786786 மட்டும் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கும், அதைக் கழித்தால் 3,999. ஆக 250 நோட்டுக்கு ஒன்றில் 786 இருக்கும். வங்கியிலிருந்து 778601இல் தொடங்கும் நூறு நோட்டுக் கட்டு ஒன்று வந்தால், கடைசி நோட்டு தவிர மீதி 99இலும் 786 இருக்கும். அந்தக் கட்டைப் பிரிக்கும் காசாளர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்.

2022 மார்ச் முடிவில் நாட்டில் புழங்கிய நோட்டுகள் 13,000 கோடிக்கும் மேல் என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை. அதைப் பத்து லட்சத்தால் வகுத்து 3,999ஆல் பெருக்குங்கள். 52 கோடி வரும். தேய்ந்து கிழிந்து திரும்பிப் போனவை நடுவில் விட்ட இடைவெளிகள் இருக்கும், ஆகவே இது தோராயக் கணக்கு. இருந்தாலும் நாட்டில் சுமார் மூன்று பேருக்கு ஒன்று என்கிற அளவில் 786 நோட்டு இருக்கிறது. 5 லட்சம் கொடுத்து அதை வாங்க ஒருவர் எதற்காக வருவார்?

அதற்காக விலையே இல்லை என்று சொல்லவில்லை. கடைசி மூன்று இலக்கம் 786ஆக முடியும் சலவை நோட்டுக்கு முகமதிப்புக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க ஆள் உண்டு. பிறந்தநாளுக்கும் ஈத் பெருநாளைக்கும் பரிசாகக் கொடுக்க வாங்குகிறார்கள். 786786 என்றால் சில ஆயிரம் கிடைக்கலாம். ஆறும் ஒரே இலக்கமாக வருவதற்கு, 111111, 777777 என்பதுபோல, ஒரு ப்ரிஃபிக்ஸில் ஒன்பது நோட்டுதான். ஏழு இலக்கமாக அச்சாகும் 1000000 என்ற பத்து லட்சமாவது நோட்டு ஒன்றே ஒன்று. 123456 மாதிரி ஏணியாக ஏறுகிறவை, 123321 மாதிரி முன்பின் ஒன்றாகப் படிக்கிறவை, 000001 முதல் 000010 வரையிலான சிற்றெண்கள் இவற்றுக்கெல்லாம் தனித்தனி ரசிகர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நான் உங்களிடம் மன்றாடிச் சொல்ல விரும்புவது வேறு. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் நோட்டில் இருக்கும் உண்மையான அபூர்வம் கண்ணில் படாமல் போய்விடும்.

ஒரு நோட்டைச் சொல்கிறேன். 2024 இறுதியில் லண்டனில் நடந்த ஏலத்தில் இந்திய 100 ரூபாய் நோட்டு ஒன்று ஏறத்தாழ 56 லட்சம் ரூபாய்க்குப் போனது. செய்தியை நீங்களும் படித்திருக்கலாம். அதைக் காட்டித்தான் இன்று பலரும் "100 ரூபாய்க்கு 56 லட்சம்" என்று வீடியோ போடுகிறார்கள். அந்த நோட்டின் எண் என்ன தெரியுமா? எச்ஏ (HA) 078400. அதில் 786 இல்லை, ஏணி இல்லை, எந்த அழகும் இல்லை. விலை முழுக்க அந்த 'எச்ஏ'யில் இருக்கிறது.

கதை இது. 1950களில் குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய அமீரகப் பகுதிகள் எல்லாவற்றிலும் நம் ரூபாய்தான் செல்லுபடியான பணம். அங்கே ரூபாயைக் கொடுத்துத் தங்கம் வாங்கி இங்கே கடத்தினார்கள். வெளியே போன ரூபாய் வங்கிகள் வழியாகத் திரும்பி வரும்போது ரிசர்வ் வங்கி அதற்கு ஸ்டெர்லிங் கொடுக்க வேண்டியிருந்தது. அந்நியச் செலாவணி கரைந்தது. அதைத் தடுக்க 1959இல் சட்டத்தைத் திருத்தி, வளைகுடாவில் மட்டும் செல்லுபடியாகும் தனி நோட்டுகளை வெளியிட்டார்கள். நம் நோட்டின் அதே அமைப்பு, நிறம் வேறு, எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து. ஹஜ் யாத்திரை போகிறவர்களுக்கு 10 ரூபாயிலும் 100 ரூபாயிலும் இன்னொரு வகை, அதற்கு முன்னெழுத்து 'எச்ஏ'. உள்நாட்டில் இவை செல்லாது. பிறகு 1961இல் குவைத் சொந்தமாகத் தினார் வெளியிட்டது. 1965இல் பஹ்ரைன். 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் மற்ற நாடுகளும் விலகிக்கொண்டன. நோட்டுகள் ரிசர்வ் வங்கிக்குத் திரும்பி வந்து அழிக்கப்பட்டன. யாரோ ஒருவர் மாற்ற மறந்த நோட்டு, பெட்டியின் அடியில் தங்கிப்போன நோட்டு, அவ்வளவுதான் மிச்சம்.

காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ மேலப்பாளையத்திலோ, 1960ஐ ஒட்டி ஹஜ் போய்வந்த பெரியவர் வாழ்ந்த வீடு உங்களுடையது என்றால் அவருடைய பழைய பெட்டியையும் கிதாபுகளையும் ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேடவேண்டிய இடம் அது.

இன்னும் பழையதும் இருக்கிறது. 1918 ஜூலையில் லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த ஷிராலா என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. கப்பலில் நம் நாட்டுக்கு அச்சிட்டு அனுப்பிய நோட்டுகள் இருந்தன. கரை ஒதுங்கியவற்றைப் பெரும்பாலும் அதிகாரிகள் எடுத்து அழித்துவிட்டார்கள். தப்பிய 10 ரூபாய் நோட்டுகள் இரண்டு 2024 மே மாதம் லண்டனில் 6,500 பவுண்டுக்கும் 5,500 பவுண்டுக்கும் ஏலம் போயின. அங்கேயும் எண் ஒரு பொருட்டாக இல்லை. கடலுக்குள் போய் வந்த வரலாறுதான் விலை.

நோட்டில் எண் எதற்காக இரண்டு இடத்தில் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 19ஆம் நூற்றாண்டில் பெரிய தொகையைத் தபாலில் அனுப்பும்போது நோட்டை நடுவில் வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். அது போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்த பிறகு அடுத்த பாதி. வழியில் திருடுபோனால் திருடனுக்குப் பாதி நோட்டால் பயனில்லை. இரு பாதியிலும் எண் இருந்ததால்தான் சேர்த்து ஒட்டி மாற்ற முடிந்தது. அப்படி வெட்டி ஒட்டிய நோட்டுகள் இன்று அரிய பொருள். இன்னொன்றும் உண்டு: ஆங்கிலேயர் காலத்து நோட்டு எந்த ஊர் வட்டத்தில் வெளியிடப்பட்டது என்பது அதிலேயே அச்சாகியிருக்கும். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 100 ரூபாயில் 'மெட்ராஸ்' என்றோ 'கான்பூர்' என்றோ ஊர்ப்பெயர் இருக்கும். ஒரே மன்னர், ஒரே கையெழுத்து, ஊர் மட்டும் வேறு என்றால்கூட விலை மாறும்.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மன்மோகன் சிங் கையெழுத்துப் போட்ட நோட்டு இருக்கிறது" என்று பலர் ஆசையோடு சொல்கிறீர்கள். அவர் 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். அதற்கு முன் நிதித்துறைச் செயலாளராக இருந்தபோது 1 ரூபாய் நோட்டிலும் கையெழுத்திட்டவர், ஏனென்றால் 1 ரூபாய் நோட்டை வெளியிடுவது இந்திய அரசு. அவர் கையெழுத்து நிறையவே கிடைக்கும். அவருக்குப் பிறகு 1985 ஜனவரியில் வந்த அமிதவ் கோஷ் 20 நாள்தான் பதவியில் இருந்தார். அவர் கையெழுத்துள்ள 50 ரூபாய் நோட்டைக் கண்டால் விடாதீர்கள். 1970இல் ஆறு வாரம் ஆளுநராக இருந்த பி.என். அடார்கரின் கையெழுத்து, அதிலும் காந்தி நூற்றாண்டு நோட்டில், நாங்கள் எல்லோரும் தேடுவது. பெயர் தெரியாத ஆளுநர் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நட்சத்திரம். ப்ரிஃபிக்ஸுக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தால் அது ஸ்டார் நோட்டு. அச்சகத்தில் பழுதான நோட்டை எடுத்துவிட்டால் கட்டில் ஓர் எண் குறையும். 2006க்கு முன்பு அதே எண்ணை மறுபடி அச்சிட்டு இடத்தை நிரப்பினார்கள். 2006இல் 10, 20, 50 ரூபாயில் தொடங்கி, முன்கூட்டியே நட்சத்திரத்தோடு அச்சிட்டு வைத்த நோட்டைச் செருகும் முறை வந்தது. ஸ்டார் நோட்டு இருக்கும் கட்டில் எண்கள் வரிசையாக இருக்காது, கட்டின் மேல்பட்டையிலேயே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். 2016 பணமதிப்பு நீக்கத்துக்குப் பின் வந்த புதிய 500 ரூபாயிலும் ஸ்டார் வந்தது. 2023 ஜூலையில் "நட்சத்திரம் போட்டது கள்ள நோட்டு" என்று வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பி, கடைக்காரர்கள் வாங்க மறுத்து, ரிசர்வ் வங்கி அது நல்ல நோட்டுதான் என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்டார் நோட்டு சாதாரண நோட்டைவிடக் குறைவு. ஆனால் எல்லா ஸ்டாரும் அரிது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு 20 ரூபாய் ஸ்டார் நோட்டைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது இந்த வரிசையில்: ஆளுநர் யார், பின்பக்கம் கீழே நடுவில் என்ன வருடம், எண் அச்சான இடத்தில் பின்னணியில் மங்கலாக ஓர் எழுத்து இருக்கிறதா, இருந்தால் எது, பிறகு ப்ரிஃபிக்ஸ். இந்த நான்கும் சேர்ந்த ஒரு கூட்டு சில வருடங்களில் மிகக் குறைவாக வந்திருக்கும். அது சில ஆயிரம் பெறும். அடுத்த வருடத்து அதே ஸ்டார் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ரெஸ்வான் ரஸாக்கும் கிஷோர் ஜுன்ஜுன்வாலாவும் தொகுத்த இந்தியக் காகிதப் பணத்தின் வழிகாட்டி நூலை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் எவ்வளவு நுணுக்கம் இதில் என்பது புரியும். பெங்களூரு போனால் பிரண்டன் சாலையில் ரஸாக்கின் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட நேரில் ஒரு மணி நேரம் பார்த்தால் கண் பழகிவிடும்.

இப்போது வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நோட்டு நிஜமாகவே அரிதாக இருந்தாலும், நீங்கள் அதை வைத்திருக்கும் விதத்திலேயே பாதி விலை போய்விடுகிறது.

எங்கள் உலகில் மடிப்புப் படாத சலவை நோட்டு ஒரு ஜாதி, மடித்த நோட்டு இன்னொரு ஜாதி. ஒரே ஒரு நடுமடிப்பு விழுந்தால்கூடத் தரம் இறங்கும். நாலாக மடித்துப் பர்ஸில் வைத்து உட்கார்ந்து எழுந்த நோட்டு புழங்கிய நோட்டாகிவிடும். ராசியான நோட்டு என்று மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்கிறீர்கள். அந்தக் கறை போகாது. எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக லேமினேஷன்! அழியாமல் இருக்கட்டும் என்ற அக்கறையில் செய்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் லேமினேட் செய்த நோட்டை எந்தச் சேகரிப்பாளரும் தொடமாட்டார். சூடான பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிவிடும், பிரித்தால் மையும் சேர்ந்து வரும். அதேபோல இஸ்திரி போடாதீர்கள், கழுவாதீர்கள். சலவை நோட்டுக்கு ஒரு விறைப்பு உண்டு, விரலால் சுண்டினால் சத்தம் கேட்கும். இஸ்திரி போட்ட நோட்டு தட்டையாகத் தெரியும், ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மடிப்பின் தடம் கோடாகத் தெரிந்துவிடும்.

பழைய நோட்டின் இடதுபுறத்தில் பின் குத்திய ஓட்டை இருந்தால் பயப்படாதீர்கள். முன்பெல்லாம் வங்கிகளே கட்டை ஸ்டேபிள் செய்து கொடுத்தன. 2001இல் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய நோட்டில் அந்த ஓட்டையை நாங்கள் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

வைக்கும் முறை எளிது. பிவிசி கவர் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும். நோட்டுக்கென்றே விற்கும் பாலியெஸ்டர் கவரில் நேராகப் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஒரு புத்தகத்துக்குள் படுக்க வையுங்கள். விவரத்தைத் தனித்தாளில் எழுதுங்கள்.

விலையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஆன்லைனில் ஒருவர் தன் நோட்டுக்கு 3 லட்சம் என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. அதே மாதிரி நோட்டு ஏலத்தில் என்ன தொகைக்கு முடிந்தது என்பதுதான் விலை. பெரிய ஏல நிறுவனங்கள் முடிந்த விலைகளை வெளியிடுகின்றன, அதைத் தேடிப் பாருங்கள். வியாபாரி உங்களிடம் வாங்கும் விலை, அவர் விற்கும் விலையைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். கடை வாடகை, விற்கும்வரை முடங்கும் பணம் எல்லாம் அவருக்கு உண்டு, அதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். மூன்று பேரிடமாவது கேளுங்கள். நோட்டை உங்கள் கண்முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பி எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்கி உறையிட்டால் நல்ல விலை வரும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், அதற்குச் செலவு உண்டு. சான்றிதழுக்கு ஆகும் செலவைவிடப் பல மடங்கு பெறும் நோட்டுக்குத்தான் அது தகும்.

சட்டம் ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் செல்லாததான பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை 2017ஆம் ஆண்டின் சட்டப்படி சாதாரணமாக 10க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 வரை. மீறினால் குறைந்தது 10,000 ரூபாய் அபராதம். "பழைய ஆயிரம் ரூபாயில் 786 இருக்கிறது, ஒரு கட்டே வைத்திருக்கிறேன்" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அந்தக் கட்டு லாபம் தராது, வழக்கு தரும். 2000 ரூபாய் நோட்டு வேறு. 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், செல்லாது என்று அறிவிக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் என் நோட்டைக் கொடுத்துக் காய்கறி வாங்கிவிடட்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். பிறந்த தேதி நோட்டு என்று ஒன்று சேகரிக்கிறோம். 15 ஆகஸ்ட் 1947 என்றால் 150847. ஒரு ப்ரிஃபிக்ஸில் அந்த எண் ஒரு தடவைதான் வரும், 777777 எத்தனை அரிதோ அதே அளவு அரிது. 150847ஐ வாங்க நாடு முழுக்க ஆள் உண்டு. உங்கள் மகளின் பிறந்த தேதியை வாங்க உங்களைத் தவிர ஆள் இல்லை. ஆனால் அவள் கல்யாணத்தன்று அந்த நோட்டை ஒரு சட்டகத்தில் போட்டு அவள் கையில் கொடுத்தால் அதற்கு ஈடாக அவள் எதையும் கேட்கமாட்டாள். உங்கள் 786ஐயும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். வாப்பா கொடுத்தது, முதல் சம்பளத்தில் வந்தது, பஸ் கண்டக்டர் சில்லறையாகக் கொடுத்த அதிர்ஷ்டம் என்று எந்தக் காரணமும் போதும். விற்பதற்கென்று வைத்திருந்தால் மட்டும் நான் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு. உங்களில் பெரும்பாலோர் வீட்டில்கூடச் சொல்லாமல் மறைக்கிறீர்கள். பேராசை என்று சொல்வார்களோ என்ற பயம். நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்த்து வாழ்கிற குடும்பத்தில், பீரோவில் கிடந்த ஒரு நோட்டு கடனை அடைக்கும் என்று நம்பியதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். அது சைபர் குற்ற உதவி எண். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு, தாமதிக்கத் தாமதிக்க அந்த வாய்ப்பு குறையும். பேசிய எண், பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் அனுப்பிய போலிச் சான்றிதழ் எதையும் அழிக்காதீர்கள். "இன்னும் ஆயிரம் கட்டினால் போன பணமும் சேர்ந்து வரும்" என்று மறுபடி போன் வரும். எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டில் யாராவது நோட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு நடந்ததை அவரிடம் இன்றே சொல்லுங்கள்.

அன்புடன்,
நோட்டு சேகரிக்கும் நண்பன்,
சென்னை